தம்பியை ராத்திரி ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போய் அடித்து அனுப்பிவிட்டார்கள். மனித உரிமை அமைப்பிடம் போனால் என்ன செய்வார்கள்?

தாராவி செல்வி (கேள்வி)

வணக்கம். மும்பைத் தமிழர்கள் நிறையப் பேர் இங்கே இருப்பதால் கேட்கிறேன். விவரம் தெரிந்தவர்கள் தயவுசெய்து பதில் சொல்லுங்கள்.

எங்கள் வீடு தாராவியில். தம்பிக்கு 23 வயது, தோல் பை தைக்கும் கார்கானாவில் வேலை. போன செவ்வாய்க்கிழமை ராத்திரி பதினொன்றே முக்கால் இருக்கும், மஃப்டியில் இரண்டு பேர் வந்தார்கள். பக்கத்துச் சந்தில் செல்போன் திருட்டு, கேமராவில் இவன் சட்டை மாதிரியே ஒரு சட்டை தெரிகிறது, ஐந்து நிமிடம் பேசிவிட்டு அனுப்பிவிடுகிறோம் என்று கூட்டிப் போனார்கள். அம்மா செருப்புக்கூடப் போடாமல் பின்னாலேயே ஓடினார்கள். ஸ்டேஷன் வாசலில் விடிய விடிய உட்கார்ந்திருந்தும், அப்படி யாரையும் இங்கே கொண்டு வரவில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். புதன்கிழமை முழுக்க அதே பதில்தான். வியாழக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு அவனே தனியாக வீட்டுக்கு வந்தான். இரண்டு உள்ளங்காலும் வீங்கி அவன் செருப்பு அவனுக்கே நுழையவில்லை. இறந்துபோன அப்பாவின் பெரிய செருப்பைப் பரணிலிருந்து எடுத்துக் கொடுத்தோம், அதைப் போட்டுக்கொண்டுதான் கக்கூஸுக்குப் போகிறான்.

வழக்கு என்று எதுவும் போடவில்லை. ஒரு சீட்டுக்கூடக் கொடுக்கவில்லை. ஆனால் வெற்றுத் தாளில் இரண்டு கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். இப்போது போன் பண்ணி, தினமும் காலை பத்து மணிக்கு வந்து உட்கார்ந்துவிட்டுப் போ என்கிறார்கள். உன் அக்காவையும் ஒரு நாள் கூட்டிக்கொண்டு வா என்று வேறு சொன்னார்களாம்.

எதிர்க்கோலி (எதிர் அறை வீட்டு) மாமா, மனித உரிமைக்காக வேலை செய்கிற அமைப்பு ஒன்று இருக்கிறது, அவர்களிடம் போ என்கிறார். மாடி வீட்டு அக்கா, போகவே போகாதே, போலீஸுக்கு இன்னும் கோபம் வரும், வெளியே வந்ததே பெரிது என்கிறார். அம்மா இரண்டு பேர் சொல்வதையும் கேட்டு அழுகிறார்கள். எனக்குத் தெரிய வேண்டியது இவ்வளவுதான்: அப்படிப்பட்ட அமைப்பு உண்மையில் என்ன செய்யும்? பணம் கேட்பார்களா? தம்பி பெயர் பேப்பரில் வந்துவிடுமா? அவன் ஒன்றும் கட்சிக்காரன் இல்லை, எந்த வம்புக்கும் போகாதவன், அவனுக்காக யாராவது வருவார்களா?


கோலிவாடா முத்து

தங்கச்சி, மற்றதெல்லாம் அப்புறம். வீக்கம் வடிவதற்குள் நாளைக் காலையிலேயே தம்பியை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். தனியார் டாக்டரிடம் போய் ஊசி போட்டுக்கொண்டு வந்துவிடாதீர்கள். கேஷுவாலிட்டியில், போலீஸ் அடித்தது என்று வாய்விட்டுச் சொல்லி, அதை அப்படியே எம்.எல்.சி. பதிவேட்டில், அதாவது போலீஸ், கோர்ட் சம்பந்தப்பட்ட காயங்களை எழுதும் பதிவேட்டில், எழுதச் சொல்லுங்கள். கீழே விழுந்தேன் என்று மட்டும் எக்காரணம் கொண்டும் சொல்லக் கூடாது, பிறகு எந்த வக்கீலாலும் அதை மாற்ற முடியாது. பாதத்தை இன்று ராத்திரியே போட்டோ எடுத்து வையுங்கள், அந்தப் பெரிய செருப்போடு சேர்த்தும் ஒன்று எடுங்கள்.


லேபர் கேம்ப்காரன்

முத்து சொன்னதை முதலில் செய்யுங்கள். நான் இந்த ஊரில் 22 வருடமாக ஒரு குடிமை உரிமை அமைப்பில் சாதாரண உறுப்பினன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எங்களைப் போன்ற அமைப்பில் யார் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்தாலே உங்கள் பயம் பாதி போய்விடும். எங்கள் குழுவில் ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர், எல்.ஐ.சி.யில் இருந்த ஒரு அம்மா, ஒரு டாக்டர், இரண்டு வக்கீல்கள், சட்டம் படிக்கிற பிள்ளைகள் மூன்று பேர் இருக்கிறோம். யாருக்கும் சம்பளம் இல்லை. உறுப்பினர் சந்தாவில்தான் தபால் செலவும் ஜெராக்ஸ் செலவும் நடக்கின்றன. உங்களிடம் யாரும் பணம் கேட்க மாட்டார்கள். மனித உரிமை என்று கார்டு அடித்து வைத்துக்கொண்டு, ஸ்டேஷனில் பேசித் தருகிறேன், ஐயாயிரம் கொடு என்று வருகிறவர்களும் இந்த ஊரில் உண்டு. அப்படி ஒருவர் பணத்தைப் பற்றிப் பேசினால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

என்ன செய்வோம் என்று கேட்டீர்கள். முதல் நாள் உங்கள் தம்பியைத் தனியாக உட்காரவைத்துப் பேசச் சொல்வோம். அம்மா எதிரில் பிள்ளைகள் எல்லாவற்றையும் சொல்ல மாட்டார்கள், அதனால்தான் தனியாக. அவன் தமிழில் எப்படிச் சொல்கிறானோ அப்படியே எழுதிக்கொள்வோம், திருத்த மாட்டோம். நாங்கள் திரும்பத் திரும்பக் கேட்பது நேரத்தைத்தான். எத்தனை மணிக்கு உள்ளே கொண்டு போனார்கள், எப்போது தண்ணீர் கொடுத்தார்கள், எப்போது அறை மாற்றினார்கள். செல்போனைப் பிடுங்கிவிட்டார்களே, நேரம் எப்படித் தெரியும் என்பார்கள். தெரியும். சில வருடங்களுக்கு முன் ஒரு பையனிடம் நான் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், அவனுக்கு ஒன்றுமே ஞாபகம் இல்லை என்றான். உள்ளே என்ன சத்தம் கேட்டது என்று கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தான். லோக்கல் ரயில் சத்தம் நின்றுபோனது, அடித்தது அதற்குப் பிறகுதான், மறுபடி முதல் வண்டிச் சத்தம் கேட்டபோது என்னைக் குளியலறையில் உட்காரவைத்திருந்தார்கள், அப்புறம் பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள் என்றான். கடைசி வண்டிக்கும் முதல் வண்டிக்கும் நடுவில் என்ன நேரம் என்று ஊருக்கே தெரியும். அவன் எங்கே இருந்தான் என்பது அதில் கிடைத்துவிட்டது.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், அடி விழுவதெல்லாம் காகிதத்தில் இல்லாத நேரத்தில்தான் நடக்கிறது. கைது செய்தோம் என்று எழுதிவிட்டால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும், அரசமைப்புச் சட்டத்தின் 22ஆம் பிரிவே அதைச் சொல்கிறது. அதனால்தான் எழுதுவதே இல்லை. உங்கள் தம்பி செவ்வாய் நள்ளிரவிலிருந்து வியாழன் சாயங்காலம் வரை நாற்பது மணி நேரம் எங்கேயும் இல்லாத ஆளாக இருந்திருக்கிறான். அந்த நாற்பது மணி நேரத்தைக் கணக்கில் கொண்டுவருவதுதான் எங்கள் வேலை. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

பேச்சை எழுதி முடித்ததும், உடம்பின் முன்புறமும் பின்புறமும் ஒரு கோட்டுப்படமாக வரைந்து எங்கெங்கே காயம் என்று டாக்டர் குறிப்பார். பக்கத்து வீட்டில் யார் யார் பார்த்தார்கள், வாசலில் அம்மாவுக்கு டீ கொடுத்த கடைக்காரர் யார், இதையெல்லாம் தேடுவோம். அப்புறம் ஸ்டேஷனுக்கே போவோம். இது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும், ஆனால் போலீஸ் தரப்பையும் கேட்டு எழுதாத அறிக்கையை நாங்கள் வெளியிடுவதில்லை. இவனை இங்கே கொண்டு வரவே இல்லை என்று ஓர் அதிகாரி சொன்னால் அதையும் அப்படியே எழுதிக்கொள்வோம். நாளைக்குக் கேமராப் பதிவில் அவன் வாசலைத் தாண்டி உள்ளே போவது தெரிந்தால் அந்த ஒரு வாக்கியம் போதும்.

அந்தக் கேமரா விஷயம் அவசரம். எல்லாக் காவல் நிலையங்களிலும் வாசல், லாக்கப், நடை, வரவேற்பு என எல்லா இடத்திலும் கேமரா வேண்டும், பதிவை 18 மாதம், முடியாவிட்டால் குறைந்தது ஒரு வருடம் வைத்திருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இருந்தாலும், இந்தத் தேதி, இந்த நேரத்துப் பதிவை அழிக்காமல் வையுங்கள் என்று உடனே எழுத்தில் கொடுக்க வேண்டும். அதே கடிதத்தின் நகல் துணை கமிஷனருக்கு, கமிஷனருக்கு, மாநில மனித உரிமை ஆணையத்துக்கு, தேசிய ஆணையத்துக்கு என்று ஒரே நாளில் போகும். மாநில ஆணையம் நம் சி.எஸ்.டி. ஸ்டேஷனுக்கு எதிரிலேயே இருக்கிறது. கட்டணம் கிடையாது.

அவனுக்காக யாராவது வருவார்களா என்ற கேள்விதான் எனக்கு மனதில் தைத்தது. கட்டாயம் வருவார்கள். இந்த மாதிரி அமைப்புகள் பிறந்த கதையே அதுதான். 1976இல், நெருக்கடி நிலை நடக்கும்போதே, ஜெயப்பிரகாஷ் நாராயண் முன்னின்று தொடங்கியதுதான் மக்கள் சிவில் உரிமைக் கழகத்தின் மூல அமைப்பு. பம்பாய் உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்த தார்க்குண்டே அவரோடு நின்றார். அப்போது சிறைக்குள் இருந்தவர்கள் பெரும்பாலும் தலைவர்களும் கட்சிக்காரர்களும். ஆனால் பின்னால் இந்த ஊரில் 1995இலிருந்து 1997க்குள் நடந்த 99 என்கவுன்டர்களில் சுமார் 135 பேர் இறந்ததை அதே கழகம் கோர்ட்டுக்குக் கொண்டுபோனபோது, அந்த 135 பேரும் தலைவர்கள் இல்லை. குற்றவாளி என்று சொல்லப்பட்டவர்கள், ஊரில் அவர்களுக்காகப் பேச ஒருவரும் வராதவர்கள். வழக்கு இழுத்து இழுத்து 2014 செப்டம்பரில்தான் தீர்ப்பு வந்தது. இனி எந்த என்கவுன்டர் சாவு என்றாலும் எஃப்.ஐ.ஆர். பதிய வேண்டும், சி.ஐ.டி.யோ வேறு ஸ்டேஷன் ஆட்களோதான் விசாரிக்க வேண்டும், மாஜிஸ்திரேட் விசாரணை வேண்டும், சுட்ட கையோடு பதக்கம் கொடுக்கக் கூடாது என்று 16 நெறிமுறைகள் கொடுத்தார்கள். அந்த வழக்குக்காகப் பேப்பர் கட்டிங் ஒட்டி, பட்டியல் எழுதி, வருடக்கணக்கில் அலைந்தவர்கள் எல்லாம் வேலைக்குப் போய்க்கொண்டே அதைச் செய்தவர்கள்தான்.

பெயர் பேப்பரில் வருமா? நீங்கள் சம்மதிக்காமல் வராது. அறிக்கையில் வேறு பெயர் போட்டே எழுதுவோம்.

போலீஸுக்குக் கோபம் வருமா என்றால், வரலாம். பொய் சொல்ல மாட்டேன். முதல் வாரம் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் ஐந்து இடத்தில் கடிதம் பதிவான வீட்டுக் கதவை ராத்திரி பன்னிரண்டு மணிக்குத் தட்ட யோசிப்பார்கள்.


மான்குர்த் மாரி

லேபர் கேம்ப் அண்ணன் சொல்வது உண்மைதான், ஆனால் மறுபக்கத்தையும் தங்கச்சி தெரிந்துகொள்ளட்டும்.

என் மச்சானுக்கு 2017இல் கிட்டத்தட்ட இதே கதை. அமைப்புக்காரர்கள் வந்தார்கள், நல்லபடியாகவே எழுதினார்கள், ஆணையம் ஒன்றில் புகார் போனது. அப்புறம் தேதி, தேதி, தேதி. ஒவ்வொரு தேதிக்கும் மச்சானுக்கு ஒரு நாள் கூலி போகும். மூன்றாவது வருடம் ஹவல்தார் ஒருவர் வீட்டுக்கு வந்து, அக்காவிடம் ரொம்பத் தன்மையாகப் பேசி, எதற்கம்மா அலைச்சல், ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டால் நாங்களே ஏதாவது பார்த்துச் செய்கிறோம் என்றார். அக்கா போட்டுவிட்டாள். புகார் அதோடு முடிந்தது. அடித்தவர் வேறு ஸ்டேஷனுக்கு மாற்றலாகிப் போனார், அவ்வளவுதான் தண்டனை.

ஆணையத்துக்குப் பரிந்துரைக்கத்தான் அதிகாரம், யாரையும் அதனால் உள்ளே போட முடியாது. சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. ஒப்பந்தத்தில் இந்தியா 1997இல் கையெழுத்துப் போட்டது, அதை உறுதிசெய்து சட்டமாக்கும் வேலை இன்னும் நடக்கவில்லை. இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது, அலைந்து அலைந்து தெரிந்துகொண்டது.

இவ்வளவு சொல்லிவிட்டு இதையும் சொல்ல வேண்டும். அந்த மூன்று வருடத்தில் ஒரு தடவைகூட யாரும் மச்சானை மறுபடி தூக்கவில்லை. அதற்கு முன்னால் எங்கள் சந்தில் எது காணாமல் போனாலும் முதலில் அவனைத்தான் தேடி வருவார்கள். அக்காவைக் கேட்டால் அதற்காகவே இன்னொரு தடவை அலைவேன் என்பாள். அதனால் போங்கள். சமாதானக் காகிதம் என்று எது வந்தாலும் அமைப்புக்காரர்களிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.


பழைய மாஹிம்வாசி

எனக்கு இப்போது 70 ஆகப் போகிறது. நம் ஆட்களுக்கு இந்தக் கதை தெரியாமல் போய்விடக் கூடாது என்று எழுதுகிறேன்.

1981 ஜூலையில், நல்ல மழைக்காலத்தில், நடைபாதையில் குடியிருப்பவர்களை எல்லாம் அப்புறப்படுத்தி அவரவர் சொந்த ஊருக்கே அனுப்பப் போகிறோம் என்று அப்போதைய முதலமைச்சர் அந்துலே அறிவித்தார். அறிவித்துப் பத்து நாளில் ஆட்களைப் பஸ்ஸில் ஏற்ற ஆரம்பித்துவிட்டார்கள். சேலத்துக்காரர் ஒருவர், 1961இல் பஞ்சத்துக்குப் பம்பாய் வந்து தஹிசரில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் தினக்கூலியாக இருந்தவர், அவர் குடிசையைப் பிரித்துப் போட்டுக் குடும்பத்தோடு சேலத்துப் பஸ்ஸில் ஏற்றினார்கள். பெண்டாட்டி பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டு வேலை தேடி அவர் திரும்பி வந்து மறுபடி நடைபாதையிலேயே படுத்தார். இது நான் காதால் கேட்ட கதை இல்லை, உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே எழுதியிருக்கிறது.

அந்த வழக்கை ஓல்கா டெல்லிஸ் வழக்கு என்று எல்லோரும் சொல்வார்கள், அவர் பத்திரிகையாளர். ஆனால் அதோடு சேர்த்து விசாரித்த இன்னொரு தொகுப்பு மனுக்களில் யார் யார் என்று பாருங்கள். மனுதாரர்கள் 12 பேர். முதல் ஐந்து பேர் வெஸ்டர்ன் எக்ஸ்பிரஸ் ஹைவே ஓரம் இருந்த காமராஜ் நகர்க்காரர்கள். அந்தப் பெயரே சொல்லும் அங்கே யார் குடியிருந்தார்கள் என்று. அடுத்த நாலு பேர் எங்கள் மாஹிம் துளசி பைப் ரோடு. பத்தாவது மனுதாரர் மக்கள் சிவில் உரிமைக் கழகம், பதினோராவது ஜனநாயக உரிமைப் பாதுகாப்புக் குழு, பன்னிரண்டாவது ஒரு பத்திரிகையாளர். அமைப்பு என்ன செய்யும் என்று கேட்டாயே மகளே, இதைத்தான் செய்தது. குடிசைக்காரன் பெயருக்குக் கீழே தன் பெயரையும் போட்டு, அவனைத் தொட்டால் என்னிடமும் பதில் சொல்ல வேண்டும் என்று வரிசையில் நின்றது.

1985 ஜூலையில் தீர்ப்பு வந்தது. உயிர் வாழும் உரிமை என்றால் பிழைப்புக்கான உரிமையும் அதில் அடக்கம் என்று ஐந்து நீதிபதிகள் சொன்னார்கள். இன்றைக்குச் சட்டக் கல்லூரியில் அதைப் படிக்காமல் யாரும் வெளியே வர முடியாது. ஆனால் நடைபாதையை விட்டு அகற்றவும் அனுமதித்துவிட்டார்கள். அக்டோபர் 31 வரை, மழை முடியும் வரை கை வைக்கக் கூடாது, 1976 கணக்கெடுப்பில் பெயர் வந்தவர்களுக்கு மால்வணியிலோ வேறு இடத்திலோ மாற்று இடம் கொடுக்க வேண்டும் என்பதோடு சரி. நாலு வருடம் இடைக்காலத் தடையில் கூரை நின்றது. பிள்ளைகள் நாலு வகுப்பு தாண்டினார்கள். அதைச் சின்ன விஷயம் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன், அந்த நாலு வகுப்பில்தான் என் தங்கை எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டாள்.


ஃபோர்ட் வக்கீல்

பெண் வக்கீல், தமிழ்தான். செல்விக்கு உடனடியாகத் தேவையான சட்டத்தை மட்டும் சொல்கிறேன்.

தினமும் பத்து மணிக்கு வா என்று போனில் சொல்வதற்குச் சட்டத்தில் இடம் கிடையாது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 35(3) பிரிவின்படி எழுத்தில் நோட்டீஸ் கொடுத்துத்தான் கூப்பிட வேண்டும். வாட்ஸப்பில் அனுப்பினால் செல்லாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது. அதனால் தம்பி, நோட்டீஸ் கொடுங்கள், வக்கீலோடு வருகிறேன் என்று எழுதிக் கொடுக்கட்டும். அதே சமயம், முறையான நோட்டீஸ் கைக்கு வந்துவிட்டால் போகாமல் இருக்கக் கூடாது, போகாததையே காரணம் காட்டிக் கைது செய்ய முடியும்.

அக்காவைக் கூட்டிக்கொண்டு வா என்றதற்கு நீங்கள் பயப்படவே வேண்டாம். சாட்சியாக விசாரிக்க வேண்டுமானால் பெண்ணை அவள் வீட்டில் வந்துதான் விசாரிக்க வேண்டும், 179ஆம் பிரிவு. ஸ்டேஷனுக்குக் கூப்பிட முடியாது.

வெற்றுத் தாளில் கையெழுத்து விஷயம் பெரிய விஷயம். விசாரணையில் போலீஸிடம் சொல்கிற வாக்குமூலத்தில் கையெழுத்தே வாங்கக் கூடாது என்பது சட்டம், போலீஸிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லவும் செல்லாது. ஆனால் அந்தத் தாள் பஞ்ச்நாமாவாகவோ (சாட்சிகள் முன்னால் போலீஸ் எழுதும் பதிவு), நானே விரும்பி வந்தேன் என்ற கடிதமாகவோ மாறலாம். இன்ன தேதியில் வெற்றுத் தாள் இரண்டில் கையெழுத்து வாங்கினார்கள் என்று முதல் கடிதத்திலேயே, தனிப் பத்தியாக எழுதுங்கள். ஆறு மாதம் கழித்துச் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

மறுபடி தூக்கிப் போனால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காதீர்கள். கைதுக் குறிப்பு எழுதி, குடும்பத்தாரோ அக்கம்பக்கத்தாரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும், உறவினருக்குத் தகவல் தர வேண்டும், 48 மணி நேரத்துக்கு ஒரு முறை மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்பதெல்லாம் 1996 டி.கே.பாசு தீர்ப்பிலிருந்து வந்தவை. அந்தத் தீர்ப்பே 1986இல் மேற்கு வங்கத்தின் ஒரு சட்ட உதவி அமைப்பின் தலைவர், லாக்கப் சாவுச் செய்திகளைப் படித்துவிட்டுத் தலைமை நீதிபதிக்கு எழுதிய கடிதத்தில் தொடங்கியதுதான். ஒடிசாவில் 22 வயது மகனைக் காவலில் இழந்த நீலாபதி பெஹரா என்ற அம்மாவும் 1988இல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம்தான் எழுதினார். 1993இல் அரசு ஒன்றரை லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பானது. காவலில் நடக்கும் சாவுக்கு அரசே இழப்பீடு தர வேண்டும் என்று இன்று நாங்கள் வாதாடும் ஒவ்வொரு வழக்கிலும் அந்த அம்மாவின் வழக்கைத்தான் காட்டுகிறோம். ஆளே காணோம் என்றால் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடலாம், அதை அமைப்புக்காரர்களே போடலாம், உறவினர்தான் போட வேண்டும் என்பதில்லை.

மாரி அண்ணன் சொன்ன கசப்பு எனக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் சாத்தான்குளத்தை நினைத்துப் பாருங்கள். 2020 ஜூனில் அந்தத் தந்தையும் மகனும் இறந்தபின், உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அனுப்பிய மாஜிஸ்திரேட் ஸ்டேஷனுக்குள்ளேயே போய் உட்கார்ந்து விசாரித்தார், அங்கே வேலை பார்த்த ஒரு பெண் தலைமைக் காவலர் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னார். ஸ்டேஷனுக்குள்ளும் மனசாட்சியுள்ளவர் இருப்பார், அவர் பேசுவதற்கு வெளியே இருந்து ஒரு கேள்வி போக வேண்டும்.

ஆணையத்துக்குப் புகார் கொடுக்கச் சம்பவத்திலிருந்து ஒரு வருடம் வரைதான் அவகாசம், நீங்கள் இந்த வாரமே கொடுங்கள். இலவச வக்கீல் வேண்டுமானால் 15100க்கு போன் செய்யுங்கள், சட்டப் பணிகள் ஆணையத்தின் எண். பெண்களுக்கும் காவலில் இருப்பவர்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமலே உதவி கிடைக்கும்.


தாராவி செல்வி

ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னியுங்கள். எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

சனிக்கிழமை காலையிலேயே அரசு மருத்துவமனைக்குப் போனோம். முதலில் வேறு மாதிரி எழுதப் பார்த்தார்கள். முத்து அண்ணன் சொன்னபடி தம்பியே மூன்று தடவை அழுத்திச் சொன்ன பிறகு, போலீஸ் அடித்ததாகக் கூறுகிறார் என்று எழுதினார்கள். ஞாயிற்றுக்கிழமை அமைப்பிலிருந்து மூன்று பேர் எங்கள் கோலிக்கே வந்தார்கள், அதில் ஒருவர் பெண் டாக்டர். அம்மாவையும் என்னையும் வெளியே போகச் சொல்லிவிட்டு இரண்டரை மணி நேரம் அவனோடு இருந்தார்கள். அவனுக்கும் சத்தம்தான் ஞாபகம் இருந்தது. பக்கத்தில் எங்கேயோ பால் வண்டி வந்து கிரேட் இறக்குகிற சத்தம் இரண்டு தடவை கேட்டது, அப்படியென்றால் இரண்டு விடிகாலை என்று எண்ணிக்கொண்டே இருந்தானாம். எங்களிடம் அவன் இதைச் சொல்லவே இல்லை.

திங்கட்கிழமை கடிதம் கொடுக்கப் போனோம். ஸ்டேஷனில் ஆவக்-ஜாவக் மேஜையில், அதாவது தபால் வாங்கிப் பதியும் மேஜையில், வாங்க மாட்டேன் என்றார்கள். கூட வந்த ஓய்வு பெற்ற வாத்தியார் சத்தமே போடவில்லை. சரி, வாங்க மறுத்தார்கள் என்று நேரம் போட்டு இன்னொரு கடிதம் எழுதுகிறேன், நீங்கள் பெயர் மட்டும் சொல்லுங்கள் என்று பேனாவை எடுத்தார். பத்து நிமிடம் உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்து முத்திரை குத்திக் கொடுத்தார்கள். பதினொன்று இருபது என்று நேரமும் எழுதியிருக்கிறது. வெற்றுத் தாள் விஷயம் அதில் இரண்டாவது பத்தியில் இருக்கிறது. மற்ற இடங்களுக்குப் பதிவுத் தபாலில் போய்விட்டது.

அம்மா அந்த முத்திரை போட்ட நகலை ரேஷன் கார்டு உறைக்குள் வைத்திருக்கிறார்கள், ராத்திரியில் எடுத்து ஒரு தடவை பார்த்துவிட்டு வைக்கிறார்கள். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது.

போன் அதற்குப் பிறகு ஒரு தடவை வந்தது. நோட்டீஸ் கொடுங்கள் என்று தம்பியே சொன்னான், குரல் நடுங்கித்தான் சொன்னான். பார்க்கலாம் என்று வைத்துவிட்டார்கள், இதுவரை நோட்டீஸ் வரவில்லை. கேமராப் பதிவைப் பற்றியும் பதில் இல்லை, அதற்கு அடுத்து என்ன செய்வது என்று சனிக்கிழமை அவர்களோடு உட்காரப் போகிறோம். மாரி அண்ணா, உங்கள் அக்காவிடம் பேச முடியுமா என்று அம்மா கேட்கச் சொன்னார்கள், முடிந்தால் சொல்லுங்கள்.

கால் வீக்கம் வடிந்துகொண்டு வருகிறது. நாளைக்குப் பத்து மணிக்கு அவன் கார்கானாவுக்குப் போகிறான், அவன் செருப்பையே போட்டுக்கொண்டு.